நோயாளி அசைந்தார்

மார்ச் 11, செவ்வாய்.
எடுத்த படம் ஒன்பது. திரும்ப எடுத்தது ஒன்று.
தவறு: பதிவேட்டில், திரும்ப எடுத்த காரணம் என்ற இடத்தில், ‘நோயாளி அசைந்தார்’ என்று எழுதினேன். அவர் அசையவில்லை. சின்னத் தவறு.
நாளைய வேலை: குரலை உயர்த்திப் பேசுவது.

எழுதிவிட்டுப் பேனாவை மூடியவள் மறுபடி திறந்து, ‘சின்னத் தவறு’ என்பதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். அதுவும் அதிகமோ என்று பட்டது. அடிக்கவில்லை. நோட்டைப் பையில் வைத்தாள்.

எக்ஸ்ரே உதவியாளர் படிப்புக்கான மாலை வகுப்பில் சேர்ந்த முதல் நாளே எல்லோரையும் இப்படி ஒரு நோட்டு போடச் சொல்லியிருந்தார்கள். தேதி, செய்த வேலை, தவறு, நாளைய வேலை. முப்பது பேர் வாங்கினார்கள். இரண்டாவது வாரத்தில் அதில் பாதிப் பேர் பின்பக்கத்தில் சினிமாப் பெயர் விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். இன்றுவரை ஒரு நாள்கூட விடாமல் எழுதுவது அவள் ஒருத்திதான். ஒரு நாளாவது ‘தவறு’ என்ற தலைப்புக்குக் கீழே ‘இல்லை’ என்று எழுத வேண்டும் என்று ஆசை. எழுதினால் அதுவே அன்றைய தவறாகிவிடுமோ என்று பயம்.

பகலில் அவளுக்கு ஒரு எக்ஸ்ரே நிலையத்தில் மூன்று மாதப் பயிற்சி. அது இந்தச் சனிக்கிழமையோடு முடிகிறது. அன்றைக்கு நிலையத்தின் சொந்தக்காரரான டாக்டரம்மா பதிவேட்டைப் புரட்டுவார். எடுத்தவரின் தவறால் கெட்டுப்போன படம் ஐந்துக்குள் இருந்தால், இயந்திரத்தில் நிற்கத் தகுந்தவள் என்று கடிதம் கொடுப்பார். கடிதம் இருந்தால்தான் வகுப்பில் தேர்வு எழுத விடுவார்கள். ஆறாகிவிட்டால் வாசலில் இருக்கும் கவுண்டருக்குப் போய் டோக்கன் கிழித்துக் கொடுக்க வேண்டியதுதான். தேர்வு அடுத்த வருடம். நோயாளி அசைந்து கெட்டுப்போன படத்துக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. அவள் பெயரில் ஏற்கெனவே ஐந்து இருந்தது.

அந்த ஐந்தும் ஒரே மாதிரி கெட்டவை. அதை நினைத்தால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மார்புப் படம் எடுப்பது மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. ஆளைப் படம் பதிகிற பலகையைப் பார்த்து நிறுத்த வேண்டும். தாடை பலகைக்கு மேலே, கைகள் இடுப்பில், தோள்கள் முன்னால். பிறகு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வந்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, பித்தானை அழுத்த வேண்டும். அவளுக்கு எல்லாம் வரும். சொல்வது மட்டும் வராது. எதிரில் நிற்பவர் வயதில் பெரியவர் என்றால் அவளால் கேட்கத்தான் முடியும்.

“பெரியப்பா...”

“சொல்லும்மா.”

“மூச்சைக் கொஞ்சம் நல்லா இழுத்துப் பிடிச்சுக்கறீங்களா?”

இழுப்பார்கள். பிடிப்பார்கள். இவ்வளவு மரியாதையாக ஒரு பிள்ளை கேட்கும்போது பதில் சொல்லாமல் இருப்பது எப்படி? சரியாக அவள் பித்தானை அழுத்துகிற நொடியில், “பிடிச்சுக்கிட்டேம்மா!” என்பார்கள். பிடித்த மூச்சு முழுக்க அந்த ஒரு வார்த்தையில் வெளியே போய்விடும். திரையில் விலா எலும்புகள் ஈரக் கையால் தேய்த்த மை மாதிரி வந்து நிற்கும்.

நிலையத்தில் அவளுக்கு மூத்தவன் ஒருவன் இருந்தான். இரண்டே வயது மூத்தவன். எல்லோரும் அவனை மிலிட்டரி என்று கூப்பிடுவார்கள். அவன் ராணுவத்தைக் கண்ணால் பார்த்ததில்லை; அவனுடைய அப்பா தையற்கடை வைத்திருந்தார். ஆனால் தடுப்புக்குப் பின்னால் நின்று, “இழுங்க! பிடிங்க!” என்று அவன் ஒரு அதட்டல் போட்டால், எப்பேர்ப்பட்ட பெரிய மனிதரும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விறைத்து நிற்பார். “விடுங்க, சட்டையைப் போட்டுக்கங்க, அடுத்தது!” அவ்வளவுதான். அவன் கெடுத்த படம் என்று இந்த வருடத்தில் ஒன்றுகூடக் கிடையாது. அவன்மீது யாரும் கோபப்பட்டதும் கிடையாது. அவளால் பொறுக்க முடியாதது இதுதான்.

“ஏம்மா மரியாதை,” என்பான் அவளை. அவன் வைத்த பெயர் அது. “காலையிலேருந்து நாலு பெரியப்பா, மூணு பெரியம்மா. ஊர் முழுக்க உனக்குப் பெரியப்பாவா? உங்க தாத்தாவுக்கு வேற வேலையே இல்லையா?”

“போங்கண்ணா.”

“இதோ, இதையே பாரு. போங்கன்னு என்னை மட்டும் நல்லா விரட்டறே. அதே வாயாலே அங்க ‘பிடிங்க’ன்னு சொல்லு.”

சொல்ல முடிந்தால் சொல்லமாட்டாளா? வீட்டில் போட்ட பூட்டு அது. பெரியவர்களிடம் எதுவும் சொல்வதற்கு முன்னால் முறை சொல்லிக் கூப்பிட வேண்டும். அவர்கள் ‘ம்’ என்ற பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். இதைச் செய்யுங்கள் என்று நேராகச் சொல்லக் கூடாது. அம்மா இதில் ஒரு இம்மி விடமாட்டாள். முறை தவறினால் பிள்ளைகள் கதவுக்கு வெளியே போய், மறுபடி உள்ளே வந்து, ஒழுங்காகக் கூப்பிட்டுவிட்டுச் சொல்ல வேண்டும். அவளும் தம்பியும் ஒரே சாயங்காலத்தில் ஏழு தடவை வெளியே போய்வந்த நாள் உண்டு.

ஏழு வயதில் ஒரு நாள், வீட்டுக்கு வந்த அப்பாவின் நண்பர் பேசிக்கொண்டே ஒரு நாற்காலியில் உட்காரப் போனார். நாற்காலியில் அம்மாவின் மூக்குக் கண்ணாடி. அவள் பார்த்துவிட்டாள். “மாமா...” என்று கூப்பிட்டாள். அவர் பேச்சு மும்முரத்தில் ‘ம்’ சொல்லவில்லை. “மாமா...” மறுபடியும் இல்லை. மூன்றாவது ‘மாமா’வில் அவர், “என்னடா கண்ணு?” என்று கேட்டார். “இந்த நாற்காலி இன்னும் வசதியா இருக்குமே மாமா,” என்று அவள் பக்கத்து நாற்காலியைக் காட்டுவதற்குள் கண்ணாடி நொறுங்கிவிட்டது. யாரும் அவளைத் திட்டவில்லை. நடந்ததைக் கேட்டு, “கண்ணாடி கிடக்கட்டும், குழந்தையை எவ்வளவு அழகா வளர்த்திருக்கீங்க!” என்று அந்த மாமா அசந்துபோனார். அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. புதுக் கண்ணாடி வருகிறவரை ஒரு வாரம் தடவித் தடவித்தான் சமைத்தாள். அந்தப் பூரிப்பு மட்டும் குறையவே இல்லை.

செவ்வாய்க்கிழமை வந்தவர் ஒரு பஸ் ஓட்டுநர். வருடாந்தர உடல் பரிசோதனைக்காக அவருடைய அலுவலகம் அனுப்பியிருந்தது. சீருடைச் சட்டையைக் கழற்றி, பித்தான்களைப் போட்டு, கடையில் அடுக்குகிற மாதிரி மடித்து நாற்காலியில் வைத்தார். கைக்கடிகாரத்தை வலது செருப்பின்மேல் வைத்தார். பலகைக்கு முன்னால் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றார். இவ்வளவு ஆடாமல் அசையாமல் நின்ற ஆளை அவள் இந்த மூன்று மாதத்தில் பார்த்ததில்லை.

“பெரியப்பா...” என்றாள். வழக்கம்போல நடந்தது.

“பிடிச்சுக்கிட்டேம்மா!”

படம் தேய்ந்து வந்தது. அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு அவருக்குத்தான் சங்கடமாகிவிட்டது. “நான்தாம்மா அசைஞ்சிருப்பேன். வயசாகுதில்ல. நீ மனசுல வெச்சுக்காதே.”

இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். “பரவாயில்ல பெரியப்பா, இன்னொரு தடவை பார்த்துக்கலாம்,” என்றாள். இரண்டாவது தடவை மிலிட்டரி கதவில் தலையை நீட்டி, “இழுங்க! பிடிங்க!” என்றான்; அவள் அழுத்தினாள்; படம் பளிச்சென்று வந்தது. பிறகு பதிவேட்டின் முன் உட்கார்ந்தாள். பேனா கொஞ்ச நேரம் காற்றில் நின்றது. ஆறு. சனிக்கிழமை. கவுண்டர். அவரே அசைந்ததாகச் சொன்னாரே, பெரியவர் சொன்னதை மறுத்துப் பேசலாமா என்று ஒரு நியாயம் எங்கிருந்தோ ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. எழுதிவிட்டாள்; படத்தோடு அவரிடம் கொடுக்கிற சீட்டிலும் அதையே எழுதினாள்.

புதன்கிழமை நோட்டில் எழுதியபடியே குரலை உயர்த்திப் பார்த்தாள். முதலில் வந்தது ஒரு வயதான அம்மாள். கண்ணை மூடிக்கொண்டு, “மூச்சைப் பிடிங்க!” என்று அவள் போட்ட கூச்சலில் கவுண்டரிலிருந்து ஆள் எழுந்து ஓடிவந்தது. அந்த அம்மாள் பலகையை விட்டுவிட்டுத் திரும்பி, இடுப்பில் கைவைத்தபடியே பார்த்தார்.

“ஏண்டி கத்தறே? எனக்கென்ன காதா கேட்கலை?”

“மன்னிச்சுக்கங்க பெரியம்மா.”

“மெதுவாச் சொல்லு. என்ன பண்ணணும்?”

நல்லவேளை, பித்தானை அழுத்தியிருக்கவில்லை. அன்றைக்கு மீதிப் பெரியவர்கள் எல்லோருக்கும் மிலிட்டரிதான் கதவில் நின்று குரல் கொடுத்தான். அவள் விரல் மட்டும் கொடுத்தாள்.

வீட்டில் தட்டைத் தள்ளி வைத்தாள். “எல்லாம் உன்னாலதாம்மா. மரியாதையாப் பேசிப் பேசி என் படமெல்லாம் கெட்டுப்போகுது.”

“மரியாதையாப் பேசினா படம் கெட்டுப்போகுமா?” அம்மா குழம்புக் கரண்டியோடு நின்றாள். “நல்ல மெஷின்தான் வாங்கி வெச்சிருக்காங்க!”

தம்பிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. “அக்கா, கதவுக்கு வெளியே போயிட்டு வந்து மறுபடி கேளு. மெஷின் ‘ம்’ சொல்லும்.”

பதிவேட்டில் எழுதியதைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அந்த ஓட்டுநர் மறுபடி வந்தார். சீருடை இல்லை, சாதாரணக் கோடு போட்ட சட்டை. கவுண்டரில், “அந்த மரியாதையாப் பேசற பொண்ணைப் பார்க்கணும்,” என்று கேட்டு, உள்ளே வந்து கதவருகிலேயே நின்றார்.

“என்னை ஞாபகம் இருக்காம்மா?”

“இருக்கு பெரியப்பா. உக்காரலாமே.”

அவர் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து படத்தோடு கொடுத்தனுப்பிய சீட்டை எடுத்து விரித்தார். எடுத்த படம் இரண்டு, காரணம் நோயாளி அசைந்தார். அவளுடைய கையெழுத்து. கொஞ்சம் நல்ல கையெழுத்து வேறு.

“எங்க ஆபீஸ் டாக்டர் இதைப் பார்த்துட்டு, ரெண்டு செகண்ட் அசையாம நிக்க முடியலையா, நடுக்கம் கிடுக்கம் இருக்கான்னு கேட்டார். இல்லைன்னேன். அப்ப இது என்னன்னார். நரம்பு டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிட்டு வர்ற வரைக்கும் வண்டியைத் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டார். அடுத்த புதன்கிழமைதான் தேதி கிடைச்சிருக்கு.”

அவள் மேசைமேல் திறந்து கிடந்த பதிவேட்டை மூடினாள்.

“குறை சொல்ல வரலைம்மா. நீ உள்ளதைத்தானே எழுதுவே. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்.” அவர் கொஞ்சம் கிட்டே வந்தார். “நான் எங்க அசைஞ்சேன்? கையா, தோளா? வலது பக்கமா, இடது பக்கமா? நரம்பு டாக்டர் கேட்டா சொல்லணுமில்ல?”

“பெரியப்பா...”

“சொல்லும்மா.”

அவர் காத்திருந்தார். கூப்பிட்டதற்கு ‘ம்’ சொல்லியாகிவிட்டது. இனி அவள் முறை.

“அப்படி ஒண்ணும் பெரிசா இருக்காது பெரியப்பா. மனசைப் போட்டு அலட்டிக்க வேண்டாமே.”

“நானும் அப்படித்தான் நினைச்சேன். நேத்து ஒரு டம்ளர்ல தளும்பத் தளும்பத் தண்ணியை ஊத்தி, இப்படிக் கையை நீட்டிப் பிடிச்சுக்கிட்டு, வீட்டுக்காரியைப் பக்கத்துல நின்னு பார்க்கச் சொன்னேன். ஒரு சொட்டு சிந்தலை. போதும், கீழே வைங்கன்னு அவதான் அழுதா.” அவர் தன் வலது கையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டார். “ஆனா எனக்கே தெரியாம அசையுதுன்னா? பின்னால அறுபது பேர் உக்காந்திருக்காங்க. அதாம்மா பயம்.”

“அதெல்லாம் சரியாயிடும் பெரியப்பா. நல்லபடியா முடியும்.”

“நல்ல வார்த்தை சொல்றே. ஆனா எந்தப் பக்கம்னு சொல்லலையே.”

“பார்த்துட்டு... பார்த்துட்டுச் சொல்றேன் பெரியப்பா.”

அவர் முகம் தெளிந்தது. சீட்டின் ஓரத்தைக் கிழித்துத் தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். வாசல்வரை போனவர் திரும்பி, கவுண்டரில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி, “இந்தக் காலத்துல இப்படிப் பேசற பிள்ளைங்களைப் பார்க்கறதே அபூர்வம். வீட்ல ரொம்ப நல்லா வளர்த்திருக்காங்க,” என்றார்.

அவளுக்கு நாற்காலிமேல் நொறுங்கிய கண்ணாடிச் சத்தம் கேட்டது.

மிலிட்டரி அடுத்த ஆளைக் கூப்பிடாமல் கதவைச் சாத்தினான். “என்னத்தைப் பார்த்துட்டுச் சொல்லப் போறே?”

அவள் நம்பர் எழுதிய துண்டை நாலாக மடித்தாள்.

“அன்னைக்கு நான் வெளியிலதானே நின்னேன். ‘பிடிச்சுக்கிட்டேம்மா’ன்னு அவர் சொன்னது தெருவுக்கே கேட்டுது.”

“அப்ப நீங்க ஏண்ணா ஒண்ணும் சொல்லலை?”

“எழுதினது யாரு? கையெழுத்துப் போட்டது யாரு? ஆறாவதுன்னு எனக்கும் கணக்குத் தெரியும்.” அவன் குரல் அதட்டலிலிருந்து இறங்கியது. “இங்க பாரு. சனிக்கிழமை டாக்டரம்மா பார்த்துக் கடிதம் குடுத்துடட்டும். திங்கக்கிழமை நீயே போய்ச் சொல்லு, தப்பா எழுதிட்டேன்னு. அவருக்குப் புதன்கிழமைதானே தேதி? ரெண்டு பேருக்கும் கெடுதல் இல்லை.”

நன்றாகத்தான் இருந்தது யோசனை. அதுதான் கோபமாக வந்தது. இன்றைக்கும் நாளைக்கும், அதற்கு மறுநாளும் அந்த மனிதர் தண்ணீர் டம்ளரை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பார்; பக்கத்தில் அவர் வீட்டுக்காரி. இங்கே இவள் கடிதத்துக்காகக் கை கட்டி நிற்பாள். வாய்க்கு வாய் பெரியப்பா.

“அடுத்தது!” என்று அவன் கத்தினான். அவள் எழுந்து பித்தானுக்குப் போனாள். அன்றைக்கு ஏழு படம். எல்லாவற்றுக்கும் அவன் குரல், அவள் விரல்.

மாலை வகுப்பில் செய்முறை. சுவரில் பலகைக்குப் பதிலாக ஒரு பழைய மேசைப் பலகையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஜோடி ஜோடியாக வந்து செய்து காட்ட வேண்டும். அவளுக்கு ஜோடி, வகுப்பில் எப்போதும் தூங்கி வழிகிற ஒரு பையன். பகலில் லாரிகளுக்கு டயர் மாற்றுகிறவன். அவள் வயதுதான்.

“தாடையைத் தூக்கு. கை இடுப்புல. தோளை முன்னாடி தள்ளு, இன்னும். மூச்சை இழு. பிடி. பேசாதே!”

சொடக்குப் போடுவதுபோல் வந்து விழுந்தது ஒவ்வொன்றும். வகுப்பே கைதட்டியது. “யப்பா, எனக்கு மூச்சே நின்னு போச்சு,” என்றான் டயர்க்காரன். ஆசிரியர் மற்றவர்களைப் பார்த்து, இப்படித்தான் சொல்ல வேண்டும், நோயாளி பதில் சொல்ல இடமே கொடுக்கக் கூடாது என்றார். குரல் இருக்கிறது. வார்த்தை இருக்கிறது. எதிரில் நரைத்த தலை ஒன்று வந்து நின்றால் மட்டும் இரண்டும் எங்கேதான் போய்த் தொலைகின்றனவோ.

ஏழரை மணிக்கு வகுப்பு கலைந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. நோட்டின் கடைசித் தாளைத் திருப்பி, போனில் அவரிடம் சொல்ல வேண்டியதை எழுதிப் பார்த்தாள்.

‘பெரியப்பா, தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்களுக்கு நேரம் இருந்தா ஒரு விஷயம் சொல்லலாமான்னு இருந்தேன். அன்னைக்கு நீங்க ரொம்ப நல்லாத்தான் நின்னீங்க. நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். என்னமோ கொஞ்சம் அவசரத்துல சீட்டுல எழுதறப்போ அப்படி ஆயிடுச்சு. நீங்களும் அப்போ அப்படித்தான் சொன்னீங்க...’

படித்துப் பார்த்தாள். பூசி மெழுகியிருந்தது. இதைக் கேட்டு முடிப்பதற்குள் அவரே, ‘அதனால என்னம்மா, என் தப்புதான்’ என்று குறுக்கே வந்து எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொள்வார். அவரும் ஏதோ ஒரு கதவுக்கு வெளியே போய்ப் போய்த் திரும்பி வந்தவர்தானே.

முதலில் ‘தப்பா எடுத்துக்கக் கூடாது’வை அடித்தாள். ‘நேரம் இருந்தா’ போயிற்று. ‘என்னமோ’வும் ‘கொஞ்சம்’மும் போயின. ‘ஆயிடுச்சு’ என்ற இடத்தில் ரொம்ப நேரம் பேனா நின்றது. தானாக ஆனது போலல்லவா இருக்கிறது. அடித்தாள். அவர் சொன்னார் என்பதை இரண்டு கோடு போட்டு அடித்தாள். கடைசியில் எஞ்சிய இடத்தில் புதிதாக எழுதினாள்.

‘பெரியப்பா, நீங்க அசையலை. நான்தான் உங்களைப் பேச வெச்சுப் படத்தைக் கெடுத்தேன். அதை மறைச்சுப் பொய் எழுதினேன்.’

பெரியப்பாவையும் அடிக்கலாமா என்று பார்த்தாள். கை வரவில்லை. அது இருந்துவிட்டுப் போகட்டும்.

காலி வகுப்பில், சாய்த்து வைத்த மேசைப் பலகைக்கு முன்னால் போய் நின்று ஒரு தடவை உரக்கச் சொல்லிப் பார்த்தாள். “பெரியப்பா...” என்றதும் பழக்கத்தில் நின்றுவிட்டாள், யாரோ ‘சொல்லும்மா’ என்பார்கள் என்று. யாரும் சொல்லவில்லை. மீதியையும் அவளே சொன்னாள். குரல் நடுங்கியது. சொற்கள் மட்டும் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

கவுண்டரில் டோக்கன் கிழிக்கிற சத்தம் காதில் வந்தது. அடுத்த வருடம் என்பது எத்தனை நாள் என்று மனம் கணக்குப் போடப் பார்த்தது. எரிச்சலோடு அதை நிறுத்தினாள். பெஞ்சில் வந்து உட்கார்ந்து நோட்டை எடுத்தாள்.

மார்ச் 13, வியாழன்.
எடுத்த படம் ஏழு. திரும்ப எடுத்தது இல்லை.
தவறு: செவ்வாய்க்கிழமை எழுதியது. சின்னது இல்லை. இன்று அவர் நேரில் கேட்டும் சொல்லவில்லை.
நாளைய வேலை: எட்டு மணிக்கே போக வேண்டும். பதிவேட்டில் 11ஆம் தேதி, நான்காவது வரி. பழைய காரணம் படிக்கத் தெரியும்படி ஒரே கோடாக அடித்து, ‘எடுத்தவர் தவறு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். டாக்டரம்மாவிடம் காட்டி, பஸ் ஆபீஸ் டாக்டருக்குப் புதுச் சீட்டு வாங்க வேண்டும். பத்து மணிக்குள் அவருக்குப் போன்.